படகுக் குளத்தின் கீழ்ப்பக்கம்

புதிதாகத் துறையில் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பெரிய அணைகளைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப் போவது ஒரு சின்னக் குளத்தைப் பற்றி. அதன் கரை இரண்டு ஆள் உயரம்தான். புழல் ஏரிக்கரையில் நடந்து பழகிய கண்ணுக்கு வரப்பு மாதிரி தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் இந்த நீர்வளத் துறையில் பொறியாளராக இருந்தேன். என்னை உண்மையாகவே பயமுறுத்திய கரை அது ஒன்றுதான். ஆனால் பயந்த கதைக்கு முன்னால் தவறு செய்த கதையைச் சொல்லியாக வேண்டும். தவறுதான் முதலில் நடந்தது.

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் வழியில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் செங்கல் சூளைக்கு மண் எடுத்த பழைய பள்ளம் ஒன்று இருந்தது. லாரித் தொழில் செய்த ஒருவர் அதை வாங்கி, தாழ்வான பக்கத்தில் மண்கரை எழுப்பி, மழைத் தண்ணீரைத் தேக்கிப் படகு விட்டார். காலால் மிதிக்கும் படகுகள், வாத்து உருவத்தில். தூண்டில் போட ஒரு மேடை. கரைக்கு வெளியே, குழந்தைகள் கால் நனைத்து விளையாட ஆழமில்லாத ஒரு தொட்டி. ஞாயிற்றுக்கிழமையானால் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடியிலிருந்து குடும்பம் குடும்பமாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கடற்கரை என்றால் கொட்டி வைத்த பாறாங்கற்கள்தான் என்று ஆகிப்போன பகுதியில், ஜனங்கள் உட்கார்ந்து சிரிக்க ஓர் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர். கரையை மட்டும் விவரம் தெரிந்தவர் யாரையும் கேட்காமல் கட்டிவிட்டார்.

கரைக்குக் கீழே ஒரு குடியிருப்பு. நடுவில் சிமென்ட் சந்து, இருபுறமும் வீடுகள். துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள்.

அந்த வருடம் மழைக்கு முன்னால், தனியார் வைத்திருக்கும் குளங்களின் கரைகளையும் பார்த்து அறிக்கை தரச் சொல்லி எங்களுக்கு உத்தரவு வந்தது. நான் அப்போது உதவி செயற்பொறியாளர். ஒரே நாளில் நான்கு இடங்கள் பார்க்க வேண்டும், இது மூன்றாவது. குளத்தின் மேலாளர் கரை மேல் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டி வைத்திருந்தார். பணிவானவர், சுத்தமாகச் சட்டையை உள்ளே விட்டிருந்தார்.

கரையின் வெளிப்பக்கச் சரிவு முள்ளும் புதருமாக இருந்தது. அடிவாரத்தில் ஓர் இடத்தில் மட்டும் கோரைப்புல் பளிச்சென்று வளர்ந்து, அதிலிருந்து ஒரு சின்ன ஓடை மாதிரி தண்ணீர் சந்துப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது.

"அது என்ன?" என்று கேட்டேன்.

"பைப் லீக் மேடம். குழந்தைங்க தொட்டிக்குப் போற பைப் கரைக்கு உள்ளதான் வருது. ஜாயின்ட்ல லேசா கசியுது. ஆள் சொல்லியிருக்கோம்."

அப்போது கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. ஐம்பதை ஒட்டிய ஒரு பெண், இடுப்பில் செருகிய புடவையோடு, கையில் பெரிய கோணி ஊசியோடு நின்றிருந்தார். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். பெயர் ஆயிஷா என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

"மேடம்! அது பைப்புத் தண்ணி இல்ல மேடம்! பைப்ப கொளத்துக்குள்ளயே மூடி மூணு நாளாவுது. தண்ணி வந்துகினே கீது. கொஞ்சம் எறங்கி வந்து பாருங்க!"

மேலாளர் சிரித்தார். "அவங்க எப்பவும் ஏதாவது சொல்லிட்டே இருப்பாங்க மேடம். போன வாரம் மைக் சத்தம்னு சொன்னாங்க."

நானும் சிரித்தேன். பிறகு கீழே பார்த்து, அலுவலகத் தமிழில், "பதிவு செய்துகொள்கிறேன் அம்மா" என்றேன். இறங்கவில்லை. நோட்டில், 'குழாய் இணைப்பில் கசிவு, உரிமையாளர் சரிசெய்ய வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜீப்பில் ஏறினேன்.

ஏன் இறங்கவில்லை? முள், வழுக்கல், நேரமில்லை என்றெல்லாம் சொல்லலாம். அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் உங்களிடம் உண்மையையே சொல்லிவிடுகிறேன். நான் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். ஆயிஷா பேசிய பேச்சுதான் என் வீட்டுப் பேச்சு. கல்லூரியில் முதல் வாரம் நான் 'இன்னா சார்?' என்று கேட்டதற்கு வகுப்பே சிரித்தது. அன்றைக்கு என் நாக்கைக் கழுவ ஆரம்பித்தவள், துறைக்கு வந்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தேன். சட்டையை உள்ளே விட்ட ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது, என் தெருவின் குரல் கீழேயிருந்து கூப்பிட்டால், அதோடு சேர்த்து என்னையும் எடை போட்டுவிடுவாரோ என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

ஆயிஷா சொன்னதில் ஒரு பொறியாளருக்குத் தேவையான எல்லாமே இருந்தது. குளத்துப் பக்கமே மூடிய குழாய்க்குள் தண்ணீர் வர முடியாது. மூடிய பிறகும் வருகிறதென்றால் அது குழாய்க்கு வெளியே, குழாயை ஒட்டி, மண்ணுக்குள் வழி செய்துகொண்டு வருகிறது. இரண்டாம் வருட மாணவனுக்குக் கூடத் தெரியும் இது. யார் சொல்கிறார் என்று பார்த்ததில் என்ன சொல்கிறார் என்பது என் காதில் விழவில்லை.

பிறகு மழை வந்தது. நல்ல மழை. பத்து நாள் விட்டு விட்டுப் பெய்து, ஒரு சனிக்கிழமை நின்றது. ஞாயிறு காலை வெயில் அடித்தது. மழைக்கால முறைப்படி அன்று எனக்குக் கட்டுப்பாட்டு அறைப் பணி. பெரிதாக ஒன்றும் இல்லை. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, வந்த புகார்களின் பதிவேட்டைப் புரட்டினேன். அதில் ஒரு வரி: 'படகுக் குளம் பின்புறம் தண்ணீர் கலங்கி வருகிறது. குடிநீர்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது.'

தொலைபேசி எடுத்த பையன் மேல் தவறில்லை. கலங்கிய தண்ணீர் என்றால் யாருக்கும் குடிநீர்தான் நினைவுக்கு வரும். எனக்கு மட்டும் அந்தக் கோரைப்புல்லிலிருந்து வழிந்த தண்ணீர் நினைவுக்கு வந்தது. அந்த எண்ணைக் கூப்பிட்டேன். கோணி ஊசிக்காரக் குரல்.

"தண்ணி என்ன நிறத்துல வருதும்மா?"

"டீ கலரு. நேத்து வரிக்கும் கண்ணாடியாட்டம் வந்துகினு இருந்துச்சி. காலைலேர்ந்து இப்டி."

"கையில பிடிச்சுப் பாருங்க. மண் தெரியுதா?"

அவர் தண்ணீரில் கையை அளைவது கேட்டது. "நறநறன்னு கீது மேடம்."

தெளிந்த கசிவு எல்லாக் கரையிலும் கொஞ்சம் உண்டு. மண்ணோடு வரும் கசிவு அப்படியல்ல. கரை உள்ளேயிருந்து கரைந்து வெளியே போகிறது என்று அர்த்தம். எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், ஒரு வாரமாகவும் இருக்கலாம். மேலே ஞாயிற்றுக்கிழமைப் படகுகள். கீழே மதியச் சாப்பாடு முடிந்து படுத்திருக்கும் வீடுகள்.

தீயணைப்புக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியில் என் மேலதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் செங்குன்றம் பக்கம் வேறொரு வெள்ளத்தில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க இருக்கப்போறது நீங்க. நீங்க எடுக்கிறதுதான் முடிவு" என்றார். அந்த நேரத்தில் அது எனக்கு ஆறுதலாக இல்லை. லாரி நெரிசலில் ஜீப் நின்றுவிட்டது. இறங்கி, எதிரே வந்த ஒரு பைக்கை மறித்துப் பின்னால் ஏறிப் போனேன்.

போய்ச் சேர்ந்தபோது நான் பார்த்த காட்சி இது. கரை மேல் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. வாத்துப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. கீழே, மேலாளரும் ஏழெட்டு ஆட்களும் களிமண் மூட்டைகளைத் தண்ணீர் வரும் வாயில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் நின்றுவிட்டது. எல்லார் முகத்திலும் திருப்தி. மேலாளர் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி, "அடைச்சாச்சு மேடம்!" என்றார்.

நான் அந்தத் துளையிடம் போகவில்லை. முதலில் மனிதர்கள். படகுகளைக் கரைக்கு வரச் சொல்லி, பாட்டு வந்த மைக்கிலேயே கூட்டத்தை வெளியே அனுப்பச் சொன்னேன். பிறகு சந்துக்குள் போய், "பாதுகாப்பு கருதி அனைவரும் உடனடியாக வெளியேற வேண்டும்" என்று சொன்னேன். ஒருவர் கூட அசையவில்லை. நாலு பேர் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெரியவர், "மழதான் நின்னுபோச்சே" என்றார்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அடி வயிற்றிலிருந்து என் அம்மாவின் குரல் வந்தது.

"இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? கரை பிச்சிகினு வரப்போவுது! கொயந்தைங்கள தூக்கினு ரோட்டாண்ட போங்க! வூட்ட அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல ஆளு கெளம்புங்க!"

சந்து ஒரு நொடி திகைத்தது. பிறகு பாத்திரம் விழும் சத்தம், குழந்தைகளைக் கூப்பிடும் சத்தம். ஆயிஷா வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டே ஓடினார். கால் மணி நேரத்தில் சந்து காலி. நடக்க முடியாத ஒரு அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகுதான் துளை. மூட்டைகள் போட்ட இடத்துக்கு இரண்டு அடி தள்ளி, சரிவில் கொஞ்சம் மேலே, மண் ஈரமாகி உப்பிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே ஒரு சின்னக் கொப்புளம் உடைந்து பழுப்புத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. வாயை அடைத்ததால் தண்ணீர் நிற்கவில்லை, உள்ளேயே வேறு வழி தேடிக்கொண்டிருந்தது. இதைப் புத்தகத்தில் படம் போட்டுப் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

"மூட்டையெல்லாம் எடுங்க" என்றேன்.

யாரும் எடுக்கவில்லை. "அடைச்சத எடுக்கச் சொல்றியா? இன்னாம்மா வெளையாடுறியா?" என்று ஒருவர் கத்தினார். மேலாளர் கைபேசியை நீட்டினார். மறுமுனையில் உரிமையாளர், அழுகிற குரலில். "மேடம், அந்தக் கடைசியில கரையை வெட்டி விட்டுடலாமா? அந்தப் பக்கம் வீடு இல்ல. தண்ணி போயிடும். குளமே போனாலும் பரவால்ல."

நல்ல மனதோடு சொன்ன யோசனை. ஆனால் பத்து நாள் மழையில் ஊறிய மண்கரையில் ஓரடி வெட்டினால் அது ஓரடியோடு நிற்காது. வேண்டாம் என்றேன். உபரி நீர் வெளியேறும் இடத்தில், குளத்துத் தண்ணீர் உயரமாக நிற்பதற்காகப் பலகைகள் செருகி வைத்திருந்தார்கள். மழையிலும் அவற்றை எடுக்கவில்லை. தண்ணீர் குறைந்தால் படகு தரை தட்டுமாம். அந்தப் பலகைகளை ஒவ்வொன்றாக உருவச் சொன்னேன். கான்கிரீட் வழி இருக்கிறது, தண்ணீர் அதன் வழியாகப் போகட்டும். தோட்டத்துக்கு வைத்திருந்த இரண்டு பம்புகளையும் போடச் சொன்னேன்.

மூட்டைகளை மறுபடியும் எடுக்கச் சொன்னேன். நூறு சதவீதம் தெரிந்து நான் அதைச் சொல்லவில்லை. படித்ததை நம்பிச் சொன்னேன். எடுத்தவுடன் தண்ணீர் முன்பைவிட வேகமாகப் பீய்ச்சும், அந்த வேகத்திலேயே கரை போய்விட்டால் அந்தப் பழி முழுக்க என் தலையில். எடுக்காமல் விட்டுக் கரை போனால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். எது சரி என்ற கேள்வியும், எதில் எனக்குப் பழி வராது என்ற கேள்வியும் அப்போது ஒரே சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

கூட்டத்திலிருந்து ஆயிஷா முன்னால் வந்தார். "இந்தம்மா சொல்றது புரியல. ஆனா அடைச்சதும் பக்கத்துல வருதா இல்லியா, நீங்களே பாருங்க. கண்ணு கீதுல்ல?" என்று சொல்லி, குனிந்து முதல் மூட்டையை அவரே இழுத்தார்.

பழுப்புத் தண்ணீர் பீறிட்டது. கூட்டம் அலறிப் பின்வாங்கியது. சந்து முனையில் யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணலும் ஜல்லியும் இருந்தன. ஆயிஷாவின் வீட்டுக் கோணிகளில் மணல் நிரப்பி, தண்ணீர் வரும் இடத்தைச் சுற்றி வட்டமாக அடுக்கினோம், கிணற்று உறை மாதிரி. உள்ளே முதலில் மணல், மேலே சன்ன ஜல்லி, அதற்கு மேல் பெரிய ஜல்லி. தண்ணீர் வரட்டும், மண் மட்டும் வரக்கூடாது. அவ்வளவுதான் செய்ய முயன்றது. முதலில் போட்ட மணலைத் தண்ணீர் தூக்கி எறிந்தது. மறுபடி போட்டோம். மறுபடியும் எறிந்தது. வட்டத்தை இன்னும் இரண்டு வரிசை உயர்த்தி, உள்ளே தண்ணீர் நின்று வேகம் தணிந்த பிறகுதான் மணல் தங்கியது.

டீக்கடையிலிருந்து கண்ணாடி டம்ளர்கள் வாங்கி வரச் சொன்னேன். பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் பிடித்துச் சந்தின் கட்டைச்சுவர் மேல் வரிசையாக வைத்தேன். முதல் டம்ளர் டீ. இரண்டாவதும் டீ. மூன்றாவது கொஞ்சம் மோசம். அந்த மூன்றாவது டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்தான் என் பணிக்காலத்தில் மிக நீளமானது. தீயணைப்பு வீரர்களும் வந்துவிட்டார்கள். பேசாமல் மணல் அள்ளினார்கள். நான்காவது டம்ளரும் மூன்றாவதும் ஒன்றுபோல இருந்தன. ஆறாவதில் அடியில் வண்டல் தெரிந்தது, மேலே தெளிந்திருந்தது. ஒன்பதாவது டம்ளர் வழியாகப் பார்த்தபோது பின்னால் இருந்த சுவரின் சுண்ணாம்பு தெரிந்தது.

"கண்ணாடியாட்டம் கீது" என்றார் ஆயிஷா. நான் அந்தக் கட்டைச்சுவரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இருட்டுவதற்குள் குளத்தில் தண்ணீர் மூன்றடி இறங்கிவிட்டது. அந்தக் குடும்பங்கள் இரண்டு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குளத்தை முழுக்க வடித்த பிறகு, குழாய் போன வழியில் கரையைத் திறந்து பார்த்தோம். குழாயை ஒட்டி ஒரு பொந்து. தோள் வரைக்கும் கையை விட்டேன், முனை தட்டுப்படவில்லை.

உரிமையாளர் வந்து அதைப் பார்த்தார். பிறகு கரையை முழுக்கப் பிரித்து, சரியானவர்களைக் கொண்டு, குழாய் இல்லாமல் மறுபடி கட்டினார். இன்றும் அங்கே வாத்துப் படகுகள் போகின்றன.

அறிக்கை எழுதும் முறை வந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். அன்று தொலைபேசியில் சொன்னது போலவே அவர் என் பக்கம் நின்றவர். என் நடவடிக்கையைப் பாராட்டிக் குறிப்பு அனுப்புவதாகச் சொன்னார். வரைவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மழைக்கு முன்னாடி போன ஆய்வைப் பத்தி இவ்வளவு ஏன் எழுதியிருக்கீங்க? யாரும் கேட்கலையே."

"நடந்தது சார்."

"நடந்ததுதான். கசிவுன்னு குறிச்சிருக்கீங்க, சரிசெய்யச் சொல்லியிருக்கீங்க. அது போதும். அந்தம்மா கூப்பிட்டது, நீங்க இறங்காதது, இதெல்லாம் எதுக்கு?"

அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வீட்டில் கணவரிடம் கேட்டபோது, "நீ ஏற்கெனவே முடிவு பண்ணிட்டுத்தான் கேக்குற" என்றார். எழுதினபடியே கொடுத்தேன். விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது. விளக்கம் கொடுத்தேன். எச்சரிக்கை ஒன்று என் பணிப் பதிவேட்டில் ஏறியது. அடுத்த பதவி உயர்வில் என் பெயர் இல்லை. அதே பதவியில் ஓய்வு பெற்றேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். இருந்தது. இரண்டு வருடம் இருந்தது, பிறகு போய்விட்டது.

ஆனால் அந்த அறிக்கையின் காரணமாக ஆய்வுப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்ந்தது: 'கரைக்குக் கீழே வசிப்போரிடம் விசாரிக்கப்பட்டதா?' இப்போது நீங்கள் நிரப்பும் படிவத்தில் அது இருக்கிறது. ஆம் என்று டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவர்கள் உண்டு என்று கேள்விப்படுகிறேன்.

அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு ஒரு நாள் ஆயிஷாவின் வீட்டுக்குப் போனேன். அவர் பெயர் அதில் இருந்தது. அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. விரித்துப் போட்ட தார்ப்பாயின் மேல் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் வரும் பத்தியைப் படித்துக் காட்டினேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டார்.

"நான் கூப்ட்டது எழுதிகீறியா?"

"எழுதியிருக்கேன்."

"நீ எறங்காதது?"

"அதுவும் எழுதியிருக்கேன்."

"சிரிச்சது?"

அதை நான் எழுதவில்லை. அவர் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. இல்லை என்று தலையசைத்தேன். அவர் கோபப்படவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, வுடு. அடுத்த தபா வர்றவங்களாச்சும் எறங்கி வருவாங்களாக்கா?"

வருவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களில் யாரையும் கேட்காமல், உங்கள் எல்லோருக்காகவும் நான் கொடுத்துவிட்டு வந்த வாக்கு அது.